டார்லிங்டனா, ஸ்விண்டனா?
இங்கிலாந்தில் ரயிலால் உருமாறிய பழைய சந்தை ஊர் ஒன்றைப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், லண்டனிலிருந்து ஸ்விண்டன் பக்கம். ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 1843-ல் திறந்த ரயில் பட்டறை 1986-ல் மூடப்பட்டு, இப்போது பாதி அருங்காட்சியகம், பாதி கடைகள். பழைய ஊர் மேட்டின் மேல் தனியாக இருக்கிறது.

டார்லிங்டன் தூரம்தான், சுமார் இரண்டரை மணி நேரம். ஆனாலும் நான் அங்கேதான் போகச் சொல்வேன். சந்தை இன்னும் ஊர் நடுவிலேயே, மணிக்கூண்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஸ்கெர்ன் ஆற்றின் மேல் 1825-ல் கட்டிய கல் பாலம். அதில் இன்றும் ரயில் ஓடுகிறது. அவசரப்படாமல் கரையோரம் நில்லுங்கள். இருநூறு வருஷக் கல்லின் மேல் அது தடதடவென்று கடக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.