எல்எஸ்-டைனா: கீழே போடாமலே போட்டுப் பார்க்க ஒரு மென்பொருள்

மோதலையும் வீழ்ச்சியையும் கணினியில் ஆராய்வதற்குப் பெயர்பெற்ற எல்எஸ்-டைனாவை, கருவிகளை மூடும் பிளாஸ்டிக் உறைகளின் வீழ்ச்சிச் சோதனைக்காகச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தாழ்வான உயரத்திலிருந்து விடப்படும் அணுகுண்டு தரையில் மோதும்போது என்ன ஆகும் என்று அறிவதற்காக, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் 1976இல் எழுதிய டைனா3டிதான் இதன் மூலம். ஆகவே, கீழே விழும் பொருளுக்காகவே பிறந்த மென்பொருள் இது என்றால் மிகையில்லை. 2019இல் இதை ஆன்சிஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

நேரத்தைச் சிறுசிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்காமல், முடுக்கத்திலிருந்து வேகத்தையும் வேகத்திலிருந்து இடப்பெயர்ச்சியையும் நேரடியாகக் கணக்கிட்டு நகர்வதால், எது எதைத் தொடுகிறது என்பது கணந்தோறும் மாறும் மோதல்களிலும் கணக்கு திணறி நிற்பதில்லை. ஆனால் பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமெண்டுகளாக)ப் பிரித்த வலையான மெஷ்ஷின் மிகச்சிறிய எலிமெண்டை ஒலி அலை கடக்கும் நேரத்தைவிடக் காலப்படி நீளக்கூடாது. எஃகில் 1 மி.மீ. எலிமெண்டுக்கு அது ஏறத்தாழ 0.2 மைக்ரோ விநாடி. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஆகும் 0.45 விநாடியையும் கணக்கிட்டால் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் வேண்டும். மோதல் நடக்கும் 5 மில்லி விநாடிக்கோ 25,000 போதும். அதனால்தான் பொருளைத் தரைக்கு மிக அருகில் நிறுத்தி, விநாடிக்கு 4.43 மீட்டர் என்ற தொடக்க வேகத்தைக் கொடுத்துவிடுகிறோம். முப்பரிமாண எலிமெண்டுகளின் அளவைப் பாதியாக்கினால் கணக்கு நேரம் பதினாறு மடங்காகும் என்பதையும் மெஷ் போடுமுன் நினைவில் வைப்பது நல்லது.

குறை என்று சொல்வதானால், இதற்கு அலகுகள் தெரியாது. கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும். டன், மில்லிமீட்டர், விநாடி முறையில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கின் அடர்த்தியை 1.2×10⁻⁹ என்று எழுத வேண்டும். ஒருமுறை நான் பழக்கதோஷத்தில் கிலோகிராம் கணக்கில் 1.2×10⁻⁶ என்று எழுதிவிட்டேன். விறைப்பு மாறாமல் அடர்த்தி மட்டும் ஆயிரம் மடங்கு கூடியதால் ஒலி மெதுவாகி, காலப்படி முப்பது மடங்குக்கு மேல் நீண்டு, இரவு முழுவதும் ஓட வேண்டிய கணக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது, நானும் மகிழ்ந்துபோனேன். 200 கிராம் உறைக்கு இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2 ஜூல், அதாவது இந்த அலகுமுறையில் 1,960 என்று வர வேண்டும். கோப்பில் அது 19 லட்சத்தைத் தாண்டி நின்றதைப் பார்த்த பிறகே தவறு புரிந்தது.

அதுமுதல் ஆற்றல் கணக்கைத்தான் முதலில் திறக்கிறேன். தகைவை நடுவில் ஒரே புள்ளியில் மட்டும் கணக்கிட்டு நேரத்தை மிச்சப்படுத்தும் ஒற்றைப் புள்ளி எலிமெண்டுகளில், எதிர்ப்பே இல்லாமல் மணற்கடிகார வடிவில் நெளியும் போலி உருமாற்றம் தலைகாட்டும். அதை அடக்கச் செலவாகும் ஆற்றல், பொருள் உருமாறுவதில் சேரும் உள்ளாற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டினால், வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முடிவை ஒதுக்கிவிடுவேன். (கூட்டங்களில் கேட்பது என்னவோ அந்த வண்ணப்படத்தைத்தான்.) பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் மெதுவாக இழுத்து எடுத்த சோதனைத் தரவுதான் கிடைக்கிறது, மோதலின் விரைவில் அதே பிளாஸ்டிக் வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்பதால், விரைவுக்கேற்ற தரவு கையில் இல்லாமல் விரிசல் எங்கே விழும் என்று அறுதியிட்டுச் சொல்ல இதனாலும் முடியாது. ஆனாலும் உறை மூலை குத்தி விழும்போது இரண்டு வடிவமைப்புகளில் எதில் திருகு பிடிக்கும் இடம் தாங்கும் என்று ஒப்பிட்டு, உறையை வார்க்கும் அச்சை வெட்டக் கொடுக்குமுன் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.