ரிலே சோதனையில் ட்ரிப்பைத் துண்டிக்க எந்த ஸ்விட்ச்?

டெர்மினல் லிங்க், கத்தி வகை டெஸ்ட் ஸ்விட்ச், கைப்பிடி செருகும் டெஸ்ட் ஸ்விட்ச். மின் கோளாறைக் கண்டு பிரேக்கருக்கு ட்ரிப் (திறக்கும் கட்டளை) அனுப்பும் ரிலேவைச் சோதனைக்காகத் தனிமைப்படுத்தப் பரவலாக உள்ள வழிகள் இவைதான். சோதனை முடிந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நேரத்தில் எது நம்மைக் காப்பாற்றும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். ரிலே ரீசெட் ஆகாமல் (இயல்பு நிலைக்குத் திரும்பாமல்) இருக்கும்போது ட்ரிப் சுற்றை மூடினால், ஓடிக்கொண்டிருக்கும் பிரேக்கர் திறந்துவிடும்.

டெர்மினலில் ஸ்க்ரூவால் இறுக்கும் இணைப்பான லிங்க் மலிவு, இடமும் குறைவு. ஆனால் ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிடியை (ரிலேவுக்கு மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தனியாக ஷார்ட் செய்யாமல் லிங்க்கைத் திறந்தால் ஆபத்தான உயர் மின்னழுத்தம் வந்துவிடும். அலாரம் சுற்றுகளுக்கு மட்டும் இது போதும்.

எஃப்டி-1 போன்ற கத்தி வகையில், திறந்த இடைவெளி கண்முன்னே தெரிகிறது. சிடி கத்தியை இழுத்தால், தொடர்பு பிரியும் முன்பே சிடி பக்கம் ஷார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு போலும் (கத்தியும்) தனி என்பதால், பிரேக்கர் ஃபெயிலியர் துவக்கத்தை (பிரேக்கர் திறக்காவிட்டால் மற்ற பிரேக்கர்களைத் திறக்கும் பாதுகாப்பைத் தொடங்கும் சுற்று) மட்டும் திறந்துவிட்டு, பிரேக்கரை உண்மையாகவே ட்ரிப் செய்து பார்க்கலாம். எதை முதலில் திறப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்ற வரிசையைக் கடைப்பிடிப்பது மட்டும் முழுக்க நம் கையில்.

கைப்பிடி செருகும் வகையான ஆர்டிஎக்ஸ்பி 18 அந்த வரிசையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும்படி செய்கிறது. கைப்பிடியைச் செருகும்போது ட்ரிப் முதலில் திறக்கும், அப்புறம்தான் சிடி ஷார்ட் ஆகும். வெளியே இழுக்கும்போது ட்ரிப் கடைசியில்தான் மூடும். அதற்கு முன் இடையில் ஒரு நிறுத்தமும் உண்டு. ரிலே அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த நிறுத்தம். பஸ்பார் (பல லைன்கள் சேரும் பொதுக் கடத்தி) பாதுகாப்புக்கு நான் இதையே கேட்பேன். பகுதி பகுதியாகச் சோதிக்கும் லைன் பேனலுக்குக் கத்தி வகை வசதி.

ப்ளக் செருகிச் சோதிக்கும் எம்எம்எல்ஜி பிளாக்கையும் ஆர்டிஎக்ஸ்பி ரகம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ப்ளக்கைச் செருகும் முன்பே சிடி முனைகளுக்கு ஷார்ட்டிங் லிங்க் போட்டாக வேண்டும். ஆர்டிஎக்ஸ்பி, எம்எம்எல்ஜி இரண்டும் ஒரே நிலையத்தில் கலந்திருந்தால் ஆள் குழம்புவது நிச்சயம், ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

சுழல் வகை ட்ரிப் கட்-ஆஃப் ஸ்விட்ச் ட்ரிப்பை மட்டுமே துண்டிக்கும், உள்ளே தொடர்பு பிரிந்ததா என்று பார்க்கவும் முடியாது. எந்த வகையானாலும் ட்ரிப்பை மூடும் முன், ரிலே பக்க முனைக்கும் டிசி நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். முழு டிசி வந்தால் ரிலே தொடர்பு இன்னும் மூடியே இருக்கிறது.

ட்ரிப் கம்பி வழியாக இல்லாமல் கூஸ் என்னும் நெட்வொர்க் செய்தியாகப் போகும் பேனலில் இந்தக் கத்திகள் எதுவும் அதைத் தடுக்காது. அங்கே ரிலேவை ஐஇசி 61850 (துணைமின் நிலையத் தகவல்தொடர்புத் தரம்) டெஸ்ட் மோடில் வைப்பதுதான் வழி.