நிலக்கடலை விதை நேர்த்தி: கார்பன்டாசிமா, டிரைக்கோடெர்மாவா?

நிலக்கடலை விதைப்புக்கு முன் விதை நேர்த்திக்கு, அதாவது விதையில் பூச, மருந்து கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் பூஞ்சாணக் கொல்லி மருந்தான கார்பன்டாசிமையோ, டால்க் பொடியில் கலந்த நன்மை செய்யும் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடியையோ எடுத்துத் தருவார். கிலோ விதைக்கு முன்னது 2 கிராம், பின்னது 4 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நாம் எண்ணிவிடுவது இதனால்தான். ஆனால், எந்த நோய்க்கு என்று கேட்காமல் இவ்விரண்டையும் ஒப்பிட முடியாது.

வாடிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். வேரின் பட்டை நாராக உரிந்து, உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கருமையாக இருந்தால் அது மேக்ரோபோமினா பூஞ்சாணத்தால் வரும் வேரழுகல். தண்டின் அடியில் வெள்ளை நூலிழைகள் படர்ந்து, அவற்றினிடையே கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் கிடந்தால் அது ஸ்கிளிரோசியம் ரோல்ப்சியால் வரும் தண்டழுகல்.

வேரழுகலுக்குக் கார்பன்டாசிம் விரைவாகப் பயன் தரும். செடிகள் ஆங்காங்கே வாடத் தொடங்கிய வயலில் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் வீதம் கரைத்துத் தூரில் ஊற்றுவதற்கு இணையான வழி டிரைக்கோடெர்மாவில் இல்லை. அது வருமுன் காப்பது, வந்தபின் தீர்ப்பதன்று. தண்டழுகலிலோ நிலைமை தலைகீழ், ஏனெனில் ஸ்கிளிரோசியத்தைக் கார்பன்டாசிம் பெரிதாகத் தொடுவதில்லை. கார்பன்டாசிமின் குடும்பத்தைச் சேர்ந்த பெனோமில் என்ற மருந்தை இலைப்புள்ளி நோய்க்காகத் தெளித்தபோது தண்டழுகல் கூடியதை 1970களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து நிலக்கடலை ஆய்வுகள் பதிவு செய்தன. மண்ணில் இயல்பாகவே இருந்து ஸ்கிளிரோசியத்தை அடக்கி வைத்திருந்த டிரைக்கோடெர்மாவை அம்மருந்து ஒடுக்கியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காவலாளியை நாமே கொன்றுவிட்டுத் திருடனைத் தேடுவது போன்றதுதான் இது.

டிரைக்கோடெர்மாவின் வேலை ஒரு வழியில் மட்டும் நடப்பதன்று. அது நோய்ப் பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றிப் பின்னி, கைட்டினேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து செல்சுவரைக் கரைக்கிறது. வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் உணவையும் முந்திப் பிடித்துக்கொள்கிறது. கார்பன்டாசிமோ டியூபுலின் என்ற ஒரே புரதத்தைக் குறிவைப்பதால், அப்புரதத்தில் நேரும் சிறு மாற்றமே பூஞ்சாணத்துக்கு எதிர்ப்புத்திறனைத் தந்துவிடும்.

ஆயினும், உயிருள்ள பொருளுக்குரிய குறைகள் டிரைக்கோடெர்மாவுக்கு உண்டு. வெயிலில் கிடந்த பொட்டலமும், தயாரித்து நான்கு மாதம் கடந்த பொட்டலமும் வெறும் டால்க் பொடிக்குச் சமம் என்றே நான் கொள்வேன். ஈரமும் மக்கிய பொருளும் இல்லாத மண்ணில் தூவினால் அது நிலைப்பதில்லை. எனவேதான் எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து இடச் சொல்கிறார்கள். அக்கலவையை நிழலில், ஈரச்சாக்கு மூடி வைத்தால் சில நாட்களில் வெண்படலம் தோன்றிப் பிறகு பச்சைப் பொடியாக மாறும். உள்ளே உயிர் இருப்பதற்கு விவசாயி கண்ணால் காணக்கூடிய சான்று அதுவே.

இரண்டையும் ஒரே விதையில் சேர்த்துப் பூசுவது மட்டும் கூடவே கூடாது, ஏனெனில் கார்பன்டாசிம் டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். அம்மருந்து தவிர்க்க முடியாததென்றால், அதனுடன் சேரக்கூடிய துணை பாக்டீரியாவான சூடோமோனாஸ்தான். பாக்டீரியாவைக் கார்பன்டாசிம் பாதிப்பதில்லை. மற்றபடி, முந்தைய பட்டத்தில் கடுகு உருண்டைகளைக் கண்ட வயலுக்கு நான் டிரைக்கோடெர்மாவையே, தொழு உரத்துடன் சேர்த்துத் தேர்ந்தெடுப்பேன்.