பூஷேயின் குழந்தைகள்: அச்சுப்படமா, பீங்கான் பொம்மையா?

ஆட்டுக்குட்டியை அணைத்தபடி ஒரு சிறுவன், நாய்க்குட்டியைக் கொஞ்சும் ஒரு சிறுமி. பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே வரைந்த இந்தக் குழந்தைகள் 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு அச்சுப்படங்களாகவும் வந்தார்கள், பக்கத்து வான்சென் ஆலையில் பீங்கான் பொம்மைகளாகவும் ஆனார்கள். 1756இல் செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறிய அதே ஆலைதான். ஆக இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எதை வாங்குவது என்று பல மாதம் யோசித்து, கடைசியில் நான் அச்சுப்படத்தை எடுத்தேன்.

அழகில் பொம்மை ஒரு படி மேல். சுற்றி வந்து பார்க்கலாம். விலையில் படம் எவ்வளவோ மலிவு. இவை தெரிந்த விஷயம்தான். என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு.

செவ்ர் பொம்மைகள் பெரும்பாலும் மெருகு பூசாத வெள்ளைப் பீங்கான். மெருகு பூசினால் விரல், மயிர்ச்சுருள் போன்ற நுணுக்கமெல்லாம் மழுங்கிவிடும் என்பதால் அப்படியே விட்டார்கள், பளிங்குபோல இருக்கும். ஆனால் அந்தச் சொரசொரப்பில் தூசி ஒட்டிக்கொள்ளும். நண்பர் வீட்டுப் பொம்மையில் ஆட்டு ரோமத்தின் மடிப்புகளில் சாம்பல் நிறக் கோடு படிந்திருக்கிறது. மென்மையான தூரிகைக்கும் அது அசையவில்லை. சிறுவனின் சுண்டுவிரல் நுனியையும் காணோம். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால்தான் நிம்மதி. நான் சொந்தமாகப் பொம்மை வைத்திருந்ததில்லை, பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

என்னிடம் இருக்கும் படம் ழீல் தெமார்த்தோ என்ற அக்காலக் கலைஞர் செதுக்கியது. பல் வைத்த சிறு உருளையைத் தகட்டில் ஓட்டிப் புள்ளிபுள்ளியாக்கி, சிவப்புச் சாக்கட்டியால் வரைந்தது போலவே அச்சிடும் முறையில் அவர் பேர்பெற்றவர். வாங்கியபோது பின்னட்டையின் அமிலம் ஓரமெல்லாம் பழுப்பேற்றியிருந்தது. சட்டத்தைப் பிரித்து, அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு மாட்டினேன். வேலை அவ்வளவுதான். இனி வெயிலும் ஈரமும் படக்கூடாது. அருங்காட்சியகங்கள் இத்தகைய தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சமே போதும் என்கின்றன. அதனால் ஜன்னலில்லாத நடைவழிச் சுவரில் தொங்குகிறது.

வாங்குகிறவர்கள் லென்ஸ் எடுத்துப் போங்கள். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளத்தைத் தேடுங்கள். பிற்காலப் புகைப்பட நகல்களில் பெரும்பாலும் அது இராது. ஓரத்தை வெட்டிய அசல் படங்களிலும் இராது என்பதால் தாளை வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். என் படத்தில் ஆட்டுக்குட்டியின் காதைக் கடந்து, அந்தக் காலத்தில் கையால் தாள் செய்த கம்பிச் சல்லடை விட்டுப்போன வரிகள் நேராக ஓடுகின்றன.