இரண்டு வீல்சேர், எட்டு வருடம், ஒரு தோள்வலி

முதுகுத்தண்டில் அடிபட்டு, கையால் உருட்டும் வீல்சேருக்கு நான் வந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது இருப்பது இரண்டாவது. முதலாவதைப் பற்றிச் சொல்லாமல் இதன் அருமை புரியாது.

முதல் வீல்சேரை வாங்கும்போது யாரும் என்னை அளக்கவில்லை. "கொஞ்சம் அகலமாகவே இருக்கட்டும், தாராளமாக உட்காரலாம்" என்றார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. தொளதொளவென்று போட்டுக்கொள்ள இது என்ன சட்டையா? சீட் அகலமானால் சக்கரங்களும் தள்ளிப் போய்விடும். கைகளை விரித்து எட்டித் தள்ள வேண்டும். பாரமெல்லாம் தோளில் இறங்கும். போதாததற்கு உடம்பு ஒரு பக்கமாகவே சாயும். மூன்றாம் வருடம் வலது தோளில் தொடங்கிய வலி, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத அளவுக்கு முற்றியது. எனக்குத் தோள் போனால் நடமாட்டமே போனது போலத்தான்.

இரண்டாவதை அளந்து வாங்கினேன். இடுப்புக்கு இரு பக்கமும் சுமார் 2.5 செ.மீ. இடைவெளி, முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம். சக்கரத்தின் வெளிப்பக்கம் கையால் பிடித்து உருட்டும் தள்ளு வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரிக்குள் மடங்குகிறது. பின்சக்கர அச்சைச் சற்று முன்னே நகர்த்தியதும் தள்ளுவது அவ்வளவு லேசாகிவிட்டது. ஆனால் முன்னே போகப் போக வண்டி பின்பக்கம் கவிழப் பார்க்கும். முதுகுப்பக்கக் கைப்பிடியில் கனமான பையை மாட்டிக்கொண்டு ஒரு சாய்தளத்தில் ஏறி, அப்படியே மல்லாந்திருக்கிறேன். அன்றிலிருந்து பை சீட்டுக்கு அடியில்தான்.

தள்ளும் விதத்தையும் பிசியோதெரபிஸ்ட் மாற்றினார். நான் படபடவென்று சின்னச் சின்னதாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். இப்போது நீளமாக ஒரு தள்ளு. கை விட்டதும் வளையத்துக்குக் கீழே தொங்கி, பின்னால் வந்து மறுபடி பிடிக்கிறது. பழக இரண்டு மாதம் ஆனது. வலி முழுதாகப் போகவில்லை, தூக்கம் திரும்பியது.

டயரில் காற்று குறைந்தால் கைக்குக் கூடுதல் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது பிரேக் சமாச்சாரம். என் வண்டியில் பிரேக் டயரைத்தான் அழுத்திப் பிடிக்கிறது. டயர் தொய்ந்தால் பிடி நழுவும். கட்டிலுக்கு மாறும் நேரத்தில் வண்டி நகர்ந்தபோதுதான் அது உறைத்தது. இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கவும் அந்த பிரேக்கைத் தொடக் கூடாது. சற்றுப் பின்னால் சாய்ந்து, வளையத்தை உள்ளங்கையில் வழுக்கவிட்டு இறங்க வேண்டும். கையுறை இல்லாவிட்டால் தோல் சுடும்.

குஷனுக்குச் செலவழிக்கத் தயங்கியது என் இன்னொரு முட்டாள்தனம். ஃபோம் நாளாக ஆக அமுங்கிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. உட்கார்ந்தபடி குஷனுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கிறேன். எலும்பு நேராகக் கையில் இடித்தால் குஷன் மாற்ற வேண்டிய காலம். உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப்புண் வருவது நமக்கே தெரியாது. பின்பாக்கெட்டில் பர்ஸ்கூட வைப்பதில்லை. அழுத்தம் குறைய, அரைமணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து ஓரிரு நிமிடம் அப்படியே இருப்பேன். கையூன்றி எழும்புவதை விட்டுவிட்டேன், அதுவும் தோளைத்தான் தின்னும்.

தரையில் கிடப்பதை எடுக்க ஒரு சின்ன வித்தை: வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு உருட்டினால் முன்னால் உள்ள சிறு சக்கரங்கள் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும், குனியும்போது முன்னால் கவிழாது. அந்தச் சக்கரங்களில் முடி சுற்றிக்கொள்வது தனித் தலைவலி. மாதம் ஒருமுறை கத்தரிக்கோலோடு உட்கார வேண்டியிருக்கிறது.

இந்த வண்டியில் ஒரு குறை, மடங்காது. காரில் ஏற்ற, சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். ஒருநாள் பூட்டு சரியாக விழாமல், நாலடி போவதற்குள் இடது சக்கரம் தனியே உருண்டு போனது. நல்லவேளை, சுவர் பக்கம் சாய்ந்தேன். இப்போதெல்லாம் 'டக்'கென்று சத்தம் கேட்டாலும் இரண்டு சக்கரத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.