பைத்தான் டியூட்டரோடு பல செமஸ்டர்கள்: ஒரு வாத்தியாரின் அனுபவம்

கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.சி.ஏ. முதலாண்டு மாணவர்களுக்கு சி மொழியும் பைத்தானும் எடுக்கிறேன். இரண்டு பேப்பருக்கும் விடாமல் பயன்படுத்தி வருவது பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம். பெயரில்தான் பைத்தான்; சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதில் ஓடும். 2010-ல் ஃபிலிப் குவோ தொடங்கியது. அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியர். காசு கிடையாது, லாகினும் கிடையாது. லேபில் பாதிப் பேருக்கு மெயில் பாஸ்வேர்டு நினைவிருக்காது என்பதால், லாகின் இல்லாததுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

நிரலை ஒட்டி ஓடவிட்டால் அவுட்புட் மட்டும் வராது. வரி வரியாக நகர்த்திப் பார்க்கலாம், பின்னோக்கியும் போகலாம். இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் மெமரியின் படம்: ஸ்டாக்கில் (அழைத்த ஃபங்ஷன்கள், அதாவது பெயர் வைத்த நிரல் துண்டுகள், அடுக்காக நிற்கும் இடம்) இப்போது எந்தெந்த ஃபங்ஷன் இருக்கிறது, வேரியபிள்களில் என்ன மதிப்பு, எது எதைச் சுட்டுகிறது என்று பெட்டிகளும் அம்புகளும் வரும். நியாயமாகச் சொன்னால், வரி வரியாக ஓட்டுவது பழைய சி எடிட்டரான டர்போ சி-யிலேயே இருந்தது. எஃப்7 அமுக்கினால் போதும், வேரியபிள் மதிப்பைக் காட்டும் வாட்ச் விண்டோவும் உண்டு. ஆனால் அந்த நீலத் திரையில் கன்ட்ரோல் எஃப்9-ஐயும் (ஓட்ட) ஆல்ட் எஃப்5-ஐயும் (அவுட்புட் பார்க்க) தாண்டி யாரும் போய் நான் பார்த்ததில்லை.

சி மொழியில் இதன் அருமை தெரியும் இடம் ஸ்வாப் ஃபங்ஷன். இரண்டு எண்களை அனுப்பி இடம் மாற்றச் சொல்கிறோம். மெயினுக்குத் திரும்பிவந்து அச்சிட்டால் எண்கள் அப்படியே இருக்கின்றன. ‘கால் பை வேல்யூ சார்’ (மதிப்பின் நகல்தான் போகிறது) என்று வகுப்பே கோரஸாகச் சொல்லும். ஏன் மாறவில்லை என்று கேட்டால் அதே பதில் இன்னும் சத்தமாக வரும். டியூட்டரில் ஓட்டினால் ஸ்வாப்புக்குத் தனிப் பெட்டி முளைக்கிறது, அதற்குள் இரண்டு நகல்கள், அவை இடம் மாறுகின்றன, ஃபங்ஷன் முடிந்ததும் பெட்டியோடு காணாமல் போகின்றன. மெயின் பெட்டியில் எதுவும் அசையவில்லை. அதையே பாயிண்டர் (மதிப்புக்குப் பதில் மெமரி முகவரி) வைத்து எழுதினால், ஸ்வாப் பெட்டியிலிருந்து மெயின் பெட்டிக்கு அம்பு பாய்கிறது. கரும்பலகையில் பல வருஷம் நான் வரைந்த படமும் இதேதான். ஆனால் அதை நான் வரைந்தேன். இங்கே அவர்கள் எழுதிய நிரலே வரைகிறது. மதிப்பு கொடுக்காத வேரியபிளில் கேள்விக்குறி போட்டுக் காட்டுவதும் எனக்குப் பிடிக்கும். ‘கார்பேஜ் வேல்யூ’ என்பதை அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

பைத்தானில் வேறு வகைச் சிக்கல். பிளஸ் டூவிலேயே பைத்தான் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது எளிது என்ற எண்ணம் இருக்கும். அவர்களிடம் மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் ஒன்றைக் குறுக்குவழியில் செய்யச் சொல்வேன்: மூன்று பூஜ்யம் உள்ள லிஸ்ட், அதைப் பெருக்கல் குறி போட்டு மூன்று முறை. அச்சிட்டால் அழகாக வரும். முதல் வரிசையின் முதல் இடத்தில் 5 வைத்தால் மூன்று வரிசையிலும் 5 ஏறிவிடும். டியூட்டரின் படத்தில் மூன்று அம்புகளும் ஒரே லிஸ்டில் போய்க் குத்தி நிற்கும். விளக்கவே தேவையில்லை, முன் பெஞ்சில் யாராவது ‘அய்யோ’ என்பார்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். புரொஜெக்டரில் இதை ஓட்டிக் காட்டினால் வகுப்பு ரசிக்கும், தலையாட்டும், இன்டர்னல் தேர்வில் பழைய தவறையே எழுதும். படம் பார்ப்பது படிப்பு ஆகாது. 2002-ல் ஹண்ட்ஹவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ மூவரும் இத்தகைய காட்சிக் கருவிகளைப் பற்றிய 24 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திரையில் என்ன காட்டினோம் என்பதைவிட, மாணவர் அதைவைத்து என்ன செய்தார் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் முடிவு. என் லேபிலும் அதுவே நிஜம்.

அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். அடுத்த பட்டனை அமுக்கும் முன் அடுத்த படத்தை ரஃப் நோட்டில் வரைய வேண்டும். எந்தப் பெட்டி புதிதாக வரும், எந்த அம்பு நகரும், எது அழியும். வரைந்த பிறகு அமுக்கு; தவறாக இருந்தால் அடிக்காதே, பக்கத்திலேயே சரியானதை வரை. முதல் இரண்டு வாரம் முனகுவார்கள். ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டிய பத்து புரோகிராமில் பாதிகூட முடியாது. ஆனால் அந்தத் தவறான படங்கள்தான் எனக்குத் தங்கம். ஃபேக்டோரியலை ரிகர்ஷனில் எழுதும்போது, தன்னையே அழைக்கும் ஃபங்ஷனுக்குப் பலர் புதுப் பெட்டி போடுவதில்லை. பழைய பெட்டியிலேயே மதிப்பை மாற்றி எழுதுவார்கள். லூப்பைப் போலத்தான் அதையும் நினைத்திருக்கிறார்கள். அவுட்புட் மட்டும் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் வெளியே வராது.

இன்னொரு பயன் போகப்போகக் கூடியது. இப்போது சாட்ஜிபிடி தயவில் எல்லோர் நிரலும் முதல் தடவையே ஓடுகிறது. யார் எழுதினார்கள் என்று துப்பறிவதை விட்டுவிட்டேன். வைவாவில் அவர்கள் கொண்டுவந்த நிரலையே டியூட்டரில் போட்டு, நடுவில் நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்பேன். புரிந்தவர் சொல்லிவிடுவார்.

குறைகள் உண்டு. ஓட்டம் ஆயிரம் ஸ்டெப்பைத் தாண்டினால் நிறுத்திவிடும். ஃபிபோனாச்சியை நேரடி ரிகர்ஷனில் ஐந்துக்குப் போட்டால் 15 அழைப்புகள், பொறுமையாகப் பார்க்கலாம். இருபதுக்குப் போட்டால் 21,891. (அது நின்றுபோவதையே ஒரு பாடமாக எடுக்கலாம், அது வேறு கதை.) நம்பை (NumPy என்ற கணக்கீட்டு லைப்ரரி), ஃபைல் கையாளுதல் எதுவும் நடக்காது. பைத்தானில் இன்புட் வாங்கலாம். சி-யில் இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப் வைத்த நிரல்களை அப்படியே ஓட்ட முடியாது, மதிப்புகளை நிரலிலேயே எழுதிவிட வேண்டும். நம் லேப் புரோகிராம் எல்லாமே ‘என்டர் த நம்பர்’ என்று ஆரம்பிப்பதால் இது தினசரித் தொல்லை. போனில் நிரலும் படமும் பக்கத்தில் பக்கத்தில் அடங்காமல், தள்ளித் தள்ளிப் பார்த்து வெறுத்துவிடுவார்கள். வீட்டில் லேப்டாப் இல்லாதவர்களுக்கு லேப் நேரம் மட்டும்தான்.

நெட் போனால் எல்லாமே போச்சு. அந்த நாட்களுக்காக லேப் கணினிகளில் தோனி போட்டு வைத்திருக்கிறேன் (கிரிக்கெட்டர் இல்லை, எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான பைத்தான் எடிட்டர்). பைத்தான் அதனுள்ளேயே வருகிறது, நெட் வேண்டாம், ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் தனி விண்டோ திறக்கும். ரிகர்ஷனுக்கு அது டியூட்டரைவிடத் தெளிவு என்றுகூடச் சொல்வேன். ஆனால் அம்புகள் இல்லை. ஹீப்பை (லிஸ்ட் போன்றவை இருக்கும் மெமரிப் பகுதி) தனியாகத் திறந்து அடையாள எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், முதலாண்டுக்கு அது பாரம். சி-யும் ஓடாது.

இரண்டாமாண்டு டேட்டா ஸ்ட்ரக்சருக்கு டியூட்டரை லிங்க்டு லிஸ்ட் (ஒன்று அடுத்ததைச் சுட்டும் சங்கிலி) வரைதான் இழுக்கிறேன். பைனரி ட்ரீ (ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கிளை வரை பிரியும் மரம்) வந்ததும் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்கின்றன. அங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஹாலிம் 2011-ல் தொடங்கிய விசுஅல்கோ (VisuAlgo) என்ற இணையதளம் நன்றாக இருக்கிறது. அதில் மாணவரின் சொந்த நிரலை ஓட்ட முடியாது, ஆனால் ட்ரீ ட்ரீயாகவே தெரியும். ரஃப் நோட்டு நிபந்தனை அங்கேயும் உண்டு.