ஓவன் பாஸ்தாவுக்கு எந்தப் பாக்கெட்? ஐந்து வகைகள், ஒரே தட்டு

கொதிநீரிலிருந்து வடித்துச் சூடாகச் சாப்பிடும்போது நன்றாக இருக்கும் பாஸ்தா, ஓவனுக்குள் போய் வந்த பிறகும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓவன் பாஸ்தா இரண்டு முறை வேகிறது. முதல் முறை பானையில். அடுத்து சாஸில் மூழ்கியபடி அரை மணி நேரம் தட்டில். இரண்டாவது வேக்காட்டைத் தாங்குமா என்பதைப் பாக்கெட்டில் யாரும் அச்சிடுவதில்லை. ‘ஆரோக்கியம்’ என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் வகைகள்தான் இந்த இடத்தில் அதிகம் கைவிடுகின்றன.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். வாரநாள் இரவுக்குச் செய்யும் ஓவன் பாஸ்தாவுக்கு முழுக்கோதுமைப் பென்னேதான் (குழாய் வடிவப் பாஸ்தா) சரியான தேர்வு. புரதம் கூட வேண்டுமானால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டைக்கடலை பாஸ்தாவாக மாற்றலாம். மசூர் பருப்பு பாஸ்தாவை மட்டும் வைத்து ஓவன் தட்டு நிரப்ப வேண்டாம். பச்சையும் சிவப்புமாக வரும் ‘காய்கறி பாஸ்தா’வுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசைக் காய்கறிக்கே கொடுக்கலாம்.

ஒப்பிடுவதற்கான அடிப்படைத் தட்டு இது. நான்கு பேருக்குப் போதும். உலர்ந்த பாஸ்தா 300 கிராம், நசுக்கிய தக்காளி 400 கிராம், காய்கறி 600 கிராம், மேலே தூவ மொஸரெல்லா 100 கிராம், பார்மெசான் போன்ற கெட்டிச் சீஸ் 25 கிராம். வெள்ளை சாஸுக்குப் பால் 500 மில்லி, மைதா 30 கிராம், வெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் 20 கிராம். தட்டு 20-க்கு 30 செ.மீ., ஆழம் 5 செ.மீ. ஓவன் 190 டிகிரி செல்சியஸ்.

முதலில் வழக்கமான டியூரம் (கெட்டியான கோதுமை வகை) ரவை பாஸ்தா. 100 கிராமில் ஏறக்குறைய 350 முதல் 370 கலோரி, புரதம் 12-13 கிராம், நார்ச்சத்து 3 கிராம். டியூரம் கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் உறுதியான வலைபோல மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் இரண்டாவது வேக்காட்டில் ஒன்றிரண்டு நிமிடம் கூடினாலும் மன்னித்துவிடும். பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிடலாம். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், அதுதான் பதம். சுவையிலும் பதத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, நார்ச்சத்துதான் குறைவு. வாங்கும்போது மேற்பரப்பைப் பாருங்கள். வெண்கல அச்சில் பிழிந்தது மாவு பூசினாற்போல் சொரசொரப்பாக இருக்கும், சாஸ் நன்றாக ஒட்டும். டெஃப்லான் அச்சில் வந்தது மஞ்சளாகப் பளபளக்கும், சாஸ் வழுக்கி அடியில் தேங்கும்.

முழுக்கோதுமைப் பாஸ்தாவில் கலோரி கிட்டத்தட்ட அதேதான். ‘பழுப்பு நிறம், ஆகவே எடை குறையும்’ என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். நார்ச்சத்து மட்டும் 100 கிராமில் 8-9 கிராமாகிறது. அதாவது ஒருவர் பங்கான 75 கிராமில் 2 கிராம் சொச்சமாக இருந்தது 6 கிராமைத் தாண்டுகிறது. வேறெதையும் மாற்றாமல், பாக்கெட்டை மாற்றுவதாலேயே கிடைக்கும் ஆதாயம் இது.

குறை இரண்டு. ஒன்று, தவிட்டின் இலேசான கசப்பு. தக்காளி புளிப்பாக இருந்தால் அந்தக் கசப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். ஒரு பெரிய வெங்காயத்தைச் சிறு தீயில் 12-15 நிமிடம் வதக்கி, தக்காளியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் வெங்காயத்தின் இனிப்பு அதை அமுக்கிவிடும், சர்க்கரை தேவையில்லை. வெள்ளை சாஸில் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும் உதவும். மற்றது, தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை ஆங்காங்கே அறுத்துவிடுவதால், அதிகம் வெந்தால் குழாயின் முனைகள் பிரிந்து நார்நாராகும். இதற்கு வைத்தியம் பானையிலேயே இருக்கிறது: பாக்கெட்டில் சொன்னதைவிட 3 நிமிடம் முன்னதாக வடித்து, சாஸில் இரண்டு புரட்டுக்கு மேல் கிளறாமல் விட வேண்டும். ஓவனில் இது நிறைய ஈரத்தை உறிஞ்சும். எனவே தட்டில் சேர்க்கும்போது சாஸ் ‘தண்ணியாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும். சரியாக இருக்கிறது என்று தோன்றினால் இன்னும் 100 மில்லி பால் ஊற்றுங்கள்.

கொண்டைக்கடலை பாஸ்தா. தயாரிப்பைப் பொறுத்து 100 கிராமில் புரதம் 20 கிராம் அல்லது அதற்குச் சற்று மேல். குளூட்டன் கிடையாது, சிலவற்றில் பிணைப்புக்கு மரவள்ளி மாவோ பசைப்பொருளோ சேர்த்திருப்பார்கள். கொதிக்கும்போது நுரை பொங்கி அடுப்பில் வழிவது இதன் முதல் தொல்லை. 300 கிராமுக்கு 3.5 லிட்டர் தண்ணீர், பெரிய பானை. மூடி போடக் கூடாது. பாஸ்தாவைக் கழுவக் கூடாது என்ற பொதுவிதி பருப்பு வகைகளுக்குப் பொருந்தாது. வடித்ததும் குளிர்ந்த நீரில் ஒரு அலசு அலசினால் மேலே படியும் பிசுபிசுப்பு போகும், வேகுவதும் அங்கேயே நிற்கும். பாக்கெட்டில் 8 நிமிடம் என்றால் 4 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அப்படியும் ஓவனிலிருந்து வரும்போது ஓரங்கள் மாவாகவே இருக்கும். சூட்டோடு சாப்பிட்டால் பெரிதாகத் தெரியாது. மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் வறண்டு பொடிப்பொடியாக உதிரும். மீதியை மறுநாள் மதியத்துக்கு வைக்கும் வீட்டில் இதைத் தனியாகச் செய்வது வீண்வேலை.

கலந்து செய்தால் கதை வேறு. முழுக்கோதுமைப் பென்னே 200 கிராம், கொண்டைக்கடலை பாஸ்தா 100 கிராம். முதலாவது பானையில் விழுந்து 4 நிமிடம் ஆன பிறகு இரண்டாவதைப் போட்டு, மேலும் 4 நிமிடத்தில் இரண்டையும் சேர்த்து வடிக்கலாம் (பாக்கெட் நேரம் 11, 8 என்றிருந்தால்). கடலைத் துண்டுகளில் கொஞ்சம் உடைந்தாலும் அது சாஸைக் கெட்டியாக்குவதில் போய்விடும். கோதுமைப் பென்னே உருவத்தைக் காப்பாற்றும்.

மசூர் பருப்பு பாஸ்தாவைப் பற்றிச் சுருக்கமாக: புரதம் 25 கிராம் அளவில் இருப்பது உண்மை. அந்த ஆரஞ்சு நிறமும் அழகு. ஆனால் பெரும்பாலும் ஒரே பொருள், மசூர் மாவு மட்டும். பிணைத்துப் பிடிக்க எதுவுமில்லை. வேகாதது, வெந்தது, குழைந்தது என்ற மூன்று நிலைக்கும் இடையே ஒரே நிமிடம். ஃபுஸில்லி வடிவத்தில் வாங்கினால் மெல்லிய சுருள் ஓரங்கள் முதலில் கரையும். அரை மணி நேர ஓவனுக்குப் பிறகு கரண்டியில் வருவது பாஸ்தா அல்ல, பருப்பு மசியல். வடித்ததும் சாஸ் ஊற்றிச் சாப்பிட நல்ல பொருள்தான். ஓவன் அதன் இடமல்ல.

ஐந்தாவது, ‘காய்கறி பாஸ்தா’. பல நாடுகளில் பொருட்பட்டியல் எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததை நோக்கி எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். இந்தப் பாக்கெட்டின் பின்புறத்தில் முதல் பெயர் டியூரம் ரவைதான். கீரைப்பொடியும் தக்காளிப்பொடியும் பெரும்பாலும் ஓரிரு சதவிகிதத்தில் கடைசியில் நிற்கும். வெந்ததும் நிறம் பாதி தண்ணீரோடு போய்விடுகிறது. ‘பல்தானியம்’ என்ற சொல்லுக்கும் இதே சோதனை செல்லும்: முதல் பொருளில் ‘முழு’ என்ற சொல் இல்லையென்றால் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

பாக்கெட்டைப் பற்றி இவ்வளவு பேசியபின் ஒரு கணக்கையும் போட்டுவிட வேண்டும். 300 கிராம் முழுக்கோதுமையை முழுவதும் கொண்டைக்கடலையாக மாற்றினால் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 5 கிராம். 200 கிராம் காட்டேஜ் சீஸை மிக்ஸியில் மையாக அடித்து வெள்ளை சாஸில் கலந்தாலும் ஒருவருக்கு 5 கிராம் கூடுகிறது. பதமும் கெடுவதில்லை, சாஸ் க்ரீம் ஊற்றியதுபோல் வழவழப்பாகிறது. இதுதான் இருப்பதில் எளிய வழி. கலக்கும்போது சாஸ் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கக் கூடாது. இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்ட பிறகு சேர்க்கவும். கொதியில் போட்டால் திரிதிரியாகப் பிரியும். தக்காளியையும் பாலையும் நேரே கலப்பது இதே ஆபத்துதான்; மைதா சேர்த்துக் காய்ச்சிய பால்தான் புளிப்பைத் தாங்கும். பாதுகாப்பான முறை, பாஸ்தாவைத் தக்காளி சாஸில் புரட்டித் தட்டில் பரப்பி, வெள்ளை சாஸை மேலே ஊற்றுவது.

காய்கறி விஷயத்தில் அளவைவிட ஈரம் முக்கியம். 600 கிராம் சுக்கினியையும் காளானையும் பச்சையாகப் போட்டால் அவை விடும் தண்ணீர் முழுவதும் தட்டின் அடியில் குளமாகும். வெட்டி, ஒரே அடுக்காகப் பரப்பி, 220 டிகிரியில் 18-20 நிமிடம் வாட்டினால் எடை கணிசமாகக் குறைந்து ஓரம் பழுப்பாகும். பாஸ்தா தண்ணீர் கொதிக்கும் நேரத்திலேயே இது முடிந்துவிடும். பிறகு ஓவனை 190-க்கு இறக்கிக்கொள்ளலாம். உறைநிலைக் கீரையானால் கரையவிட்டு, இரண்டு கையாலும் பிழிய வேண்டும். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை. காலிஃபிளவர், குடைமிளகாய் இரண்டும் அவ்வளவு நீர் விடுவதில்லை. கத்திரிக்காய் எண்ணெயைக் குடிக்கும், கவனம்.

சீஸில் கொழுப்பு நீக்கியதை வாங்கிச் சேமிக்க நினைப்பது தவறான சிக்கனம். கொழுப்பு குறைந்த மொஸரெல்லா உருகாமல் தோலாக இறுகி, ரப்பர்போல் இழுபடும். முழுக்கொழுப்புச் சீஸை அளவு குறைத்துப் போடுவது மேல். 100 கிராமை மேற்பரப்பில் மட்டும் தூவினால் ஒவ்வொரு கரண்டியிலும் கொஞ்சம் வரும். உள்ளே கலந்தால் 200 கிராம் போட்டாலும் இருக்குமிடம் தெரியாது. துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உருகும், ஆனால் கட்டியை வாங்கித் துருவியதுபோல் ஒன்றுசேராது. கெட்டிச் சீஸ் உப்பானது. அதனால் பாஸ்தா தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்ற பழைய கணக்கைப் பாதியாக்கலாம்.

ஓவனில் முதல் 20 நிமிடம் மூடி, பிறகு 10-12 நிமிடம் திறந்து. தொடக்கத்திலிருந்தே திறந்து வைத்தால் மேல்வரிசைப் பென்னே பல் உடைக்கும். மூட அலுமினியத் தாள் போதும், ஆனால் அது தக்காளியைத் தொடக் கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். தாளில் ஓட்டை விழும், உணவில் உலோகச் சுவை ஏறும். இடையில் ஒரு பேக்கிங் காகிதம் வைத்தால் சீஸும் ஒட்டாது. வெளியே எடுத்து 10 நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கொடுமைதான். ஆனால் உடனே வெட்டினால் சாஸ் ஓடும், அதே தட்டு பத்து நிமிடத்தில் துண்டாக எழும்பும்.

முந்தின இரவே அடுக்கி வைக்க நினைப்பவர்களுக்கு முழுக்கோதுமையும் வெள்ளைப் பாஸ்தாவும் ஒத்துழைக்கும், பருப்பு வகைகள் ஒத்துழைக்காது. இரவெல்லாம் சாஸை உறிஞ்சிக்கொண்டிருக்கும் என்பதால் பால் 100 மில்லி கூட்டி, மூடிய நேரத்தை 20-லிருந்து 35 நிமிடமாக்க வேண்டும்; நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்கிறதா என்று வெப்பமானி குத்திப் பார்ப்பது நல்லது. கண்ணாடித் தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வைத்தால் வெடித்துச் சிதறலாம். அதற்குப் பீங்கானும் முழு உத்தரவாதமல்ல. எனாமல் பூசிய இரும்புத் தட்டு இதைத் தாங்கும், ஆனால் சூடேற நேரமெடுக்கும் என்பதால் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மீந்தது குளிர்பெட்டியில் 3 நாள் நிற்கும். சூடாக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்தால் சாஸ் மறுபடி இளகும். மூடாமல் வைத்தால் முழுக்கோதுமைப் பென்னேயும் முறுக்கிக்கொள்ளும்.